திரும்பும் நேரத்தை முதலில் குறியுங்கள்! கடலூர், சிதம்பரத்திலிருந்து செஞ்சிக்கு ஒருநாள் மலைப் பயணம்

சிதம்பரத்தில் வளரும் பிள்ளைக்குத் தெரிந்த பெரிய உயரம் நடராஜர் கோயில் கோபுரம்தான். கடலூரில் 'கேப்பர் மலை' என்று பெயரளவில் ஒன்று உண்டு. ஆனால், மத்திய சிறை இருக்கும் அந்தச் செம்மண் மேட்டை யாரும் மலை என்று சுற்றிப்பார்க்கப் போவதில்லை. மற்றபடி வயல், வாய்க்கால், உப்பங்கழி, கடல் என்று தரையோடு தரையாகக் கிடக்கும் ஊர்கள் இவை.

அதனால்தான் வீட்டில் "மலைக்குப் போகலாமா?" என்று யாராவது பேச்செடுத்தால், உடனே ஏற்காடு, கொடைக்கானல், ஊட்டி என்று பட்டியல் நீள்கிறது. இரண்டு நாள் லீவு, லாட்ஜ் வாடகை, வேன் செலவு என்று கணக்குப் போட்டதும் பேச்சு அப்படியே அடங்கிவிடுகிறது.

காலையில் கிளம்பி, மலை ஏறி, இரவு வீட்டுக்கு வந்து சாப்பிடும்படி ஒரு மலை பக்கத்திலேயே இருக்கிறது. அதுதான் செஞ்சி. 2025 ஜூலையில் 'இந்தியாவின் மராத்தா ராணுவ நிலப்பரப்புகள்' என்ற பெயரில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பர்யச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது. அதில் 11 கோட்டைகள் மகாராஷ்டிராவில் இருக்கின்றன. மீதமுள்ள ஒன்று நம் செஞ்சி. அந்தச் செய்திக்குப் பிறகு, "ஒருநாள் போய்ப் பார்த்துட்டு வந்துடலாமே" என்ற பேச்சு பல வீடுகளில் எழுந்திருக்கிறது.

போகலாம். ஆனால், பெரும்பாலான ஒருநாள் பயணங்கள் ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன. எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று எல்லோரும் பேசுகிறார்கள். எத்தனை மணிக்கு மலையிலிருந்து இறங்கத் தொடங்குவது என்று யாரும் பேசுவதில்லை.

தூரம் எவ்வளவு?

கடலூரிலிருந்து விழுப்புரம் சுமார் 45 கி.மீ. அங்கிருந்து செஞ்சி இன்னும் 40 கி.மீ. அளவு. சிதம்பரத்திலிருந்து கிளம்புகிறவர்கள் கடலூர் வரைக்கான 45 கி.மீட்டரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கார் அல்லது வேனில் கடலூரிலிருந்து இரண்டு முதல் இரண்டரை மணி நேரம், சிதம்பரத்திலிருந்து மூன்று முதல் மூன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். சென்னை உறவினர்கள் சேர்ந்துகொள்வதாக இருந்தால், அவர்கள் திண்டிவனம் வழியாக நேராகச் செஞ்சிக்கே வந்துவிடலாம்.

பஸ்ஸில் போகிறவர்களுக்கு விழுப்புரம்தான் மாறும் இடம். கோட்டை, செஞ்சி ஊருக்குள் இல்லை. திருவண்ணாமலை சாலையில் சுமார் 2 கி.மீ. தள்ளி இருக்கிறது. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ பிடிக்க வேண்டியிருக்கும்.

தேதி குறிக்கும் முன்பு காலண்டரில் பௌர்ணமி, அமாவாசை இரண்டையும் பார்த்துவிடுவது நல்லது. பௌர்ணமி என்றால் சென்னையிலிருந்து திருவண்ணாமலை கிரிவலத்துக்குப் போகும் கூட்டம் செஞ்சி வழியாகத்தான் போகும். அமாவாசை என்றால் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் ஊஞ்சல் உற்சவத்துக்குப் போகும் கூட்டமும் செஞ்சிப் பக்கம்தான் வரும். அந்த நாள்களில் பஸ்ஸில் இடம் கிடைப்பதும் கஷ்டம், சாலையில் நேரத்தைக் கணிப்பதும் கஷ்டம்.

பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள்

செஞ்சிக் கோட்டை என்பது ஒரே மலை கிடையாது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் சுமார் 13 கி.மீ. நீள மதில் சேர்த்துக் கட்டியிருக்கிறது. இவற்றில் உயரமானது ராஜகிரி. சுமார் 800 அடி உயரம். கேட்பதற்குக் குறைவாகத் தெரியும். ஆனால், அத்தனையும் கல் படிகள், அதுவும் சமமில்லாத படிகள். பழக்கமில்லாதவர்கள் நின்று நின்று ஏறினால் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். இறங்க ஒரு மணி நேரம்.

இப்போது கணக்கைத் தலைகீழாகப் போடுவோம். உச்சி வெயிலில் கருங்கல் அடுப்புபோலச் சுடும். எனவே, பகல் 12.30 மணிக்குள் எல்லோரும் அடிவாரத்தில் இருக்க வேண்டும். இறங்க ஒரு மணி நேரம் என்றால், 11.30க்கு இறங்கத் தொடங்க வேண்டும். ஏற இரண்டு மணி நேரம் என்றால், 9.30க்குள் முதல் படியில் கால் வைத்திருக்க வேண்டும். அதற்கு முன் டிபன், கழிப்பறை, டிக்கெட் என்று ஒரு மணி நேரமாவது போகும். ஆக, 8.30க்குள் செஞ்சியில் இருக்க வேண்டும்.

அப்படியானால் கடலூரிலிருந்து காலை 6 மணிக்கும், சிதம்பரத்திலிருந்து 5 மணிக்கும் கிளம்ப வேண்டும். "ஆறு மணிக்கு எழுந்து, குளிச்சு, எட்டு மணிக்குக் கிளம்பலாம்" என்றால், வண்டி செஞ்சிக்குப் போய்ச் சேரும்போதே வெயில் தலைக்கு மேல் ஏறிவிடும்.

இதில் முக்கியமானது அந்த 11.30. அப்போது உச்சிக்கு இன்னும் இருபது படிதான் பாக்கி என்றாலும் திரும்ப வேண்டியதுதான். "இவ்வளவு தூரம் வந்துட்டோம், இன்னும் கொஞ்சம்தானே" என்ற வார்த்தைதான் மலையில் ஆபத்தானது. ஏறும்போது மூச்சுதான் வாங்கும். களைத்த காலோடு வெயிலில் இறங்கும்போதுதான் முழங்கால் நடுங்கும், கால் பிசகும்.

கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் உண்டு. 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கிடையாது. பிற்பகலில் ஒரு நேரத்துக்கு மேல் ராஜகிரி ஏற விடுவதில்லை. அந்த நேரத்தை டிக்கெட் கவுன்ட்டரிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

எல்லோரும் ஏற வேண்டியதில்லை

குடும்பமாகப் போகும்போது வயது ஒன்றாக இருக்காது. ஏழு வயதுப் பேத்தியும் எழுபது வயதுத் தாத்தாவும் ஒரே வேனில் வருவார்கள். வாசலில் போய் நின்றுகொண்டு, "அப்பா, நீங்களும் மெதுவா வாங்க, பார்த்துக்கலாம்" என்று இழுப்பதும், "எனக்காக நீங்க யாரும் நிக்க வேணாம்" என்று பெரியவர் வீம்புக்குப் படியேறுவதும் நடக்கக் கூடாதவை. யார் எதுவரை போவது என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிட வேண்டும்.

இதய நோய், ஆஸ்துமா, கட்டுப்படாத ரத்த அழுத்தம், முழங்கால் வலி உள்ளவர்கள் உச்சியை மறந்துவிடலாம். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்பவர்கள் வெறும் வயிற்றில் ஏறக் கூடாது. கையில் மிட்டாய், பிஸ்கட் அவசியம் இருக்க வேண்டும்.

கீழே இருப்பவர்களுக்குப் பார்க்க ஒன்றுமில்லை என்று நினைக்க வேண்டாம். கூம்பு வடிவக் கூரையோடு அடுக்கடுக்காக உயரும் கல்யாண மஹால், தானியக் களஞ்சியம், குதிரை லாயம், ஆனைக்குளம், வெங்கட்ரமணர் கோயில் எல்லாம் சமதளத்தில்தான் இருக்கின்றன. நிதானமாகப் பார்த்தால் அதற்கே இரண்டு மணி நேரம் ஆகும்.

ஏறுகிறவர்களுக்கும் ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ராஜகிரி உச்சிக்குச் சற்று முன்பு பாறை ஆழமாகப் பிளந்திருக்கிறது. அதன் மேல் போட்ட சிறு பாலத்தைக் கடந்துதான் உள்ளே போக முடியும். உயரத்தைக் கண்டால் தலை சுற்றுகிறவர்கள் அங்கே வந்து திகைத்து நிற்பதைவிட, முன்னரே தெரிந்துகொண்டு வருவது நல்லது. செல்ஃபிக்காக மதில் ஓரத்தில் ஏறி நிற்பதும், பிள்ளைகளைத் தனியாக முன்னே ஓட விடுவதும் கூடவே கூடாது.

வழிகாட்டி எதற்கு?

"கூகுள் மேப் இருக்கே, கைடு எதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. செஞ்சியில் பாதை தெரியாமல் தொலைந்துபோக வாய்ப்பு குறைவுதான். ஆனால், வழிகாட்டியின் வேலை பாதையைக் காட்டுவதோடு முடிவதில்லை. கூட்டத்தில் யாருக்கு முகம் வெளுத்திருக்கிறது, யார் தண்ணீர் குடிக்காமல் வருகிறார், எப்போது திரும்ப வேண்டும் என்று பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். வீட்டு ஆள் சொன்னால், "நீ சும்மா இரு" என்பார்கள். வெளியாள் சொன்னால் கேட்பார்கள்.

வாசலில் வழிகாட்டி கட்டாயம் கிடைப்பார் என்று நம்பிப் போக வேண்டாம். முன்கூட்டியே பேசிக்கொள்வதுதான் நல்லது. பேசும்போது சில கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும். அரசு வழங்கிய அடையாள அட்டை இருக்கிறதா? மலை உச்சி வரை கூட வருவாரா, கீழே மட்டும் காட்டுவாரா? கட்டணம் தலைக்கு இவ்வளவா, குழுவுக்கு இவ்வளவா? நடுவில் யாராவது ஏற முடியாமல் நின்றால் என்ன செய்வார்? கடைசிக் கேள்விக்கு யோசிக்காமல் தெளிவாகப் பதில் சொல்பவரை நம்பலாம். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்" என்பவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதை.

குழுவாக அழைத்துப்போகும் டூர் ஏற்பாட்டாளரிடமும் இதேபோலக் கேட்க வேண்டும். வேன் மஞ்சள் நம்பர் பிளேட் உள்ள வாடகை வண்டியா? டிரைவர் பேட்டா, பார்க்கிங், நுழைவுச்சீட்டு, வழிகாட்டி கட்டணம் எல்லாம் சேர்த்த தொகையா? மழையால் ரத்தானால் பணம் திரும்புமா? பதில்களை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிவைத்துக்கொள்வது பின்னால் சண்டையைத் தவிர்க்கும்.

காட்டு மலைக்கு விதி வேறு

செஞ்சி ஒரு நினைவுச்சின்னம். டிக்கெட் எடுத்தால் உள்ளே போகலாம். ஆனால், அதைப் பார்த்துவிட்டு வந்த உற்சாகத்தில், "அடுத்த வாரம் வேற மலை" என்று இளைஞர்கள் கிளம்பும்போது, காட்டு மலைக்குச் சட்டம் வேறு என்பதை மறந்துவிடுகிறார்கள். செஞ்சியை அடுத்த பக்கமலைப் பகுதியே காப்புக்காடுதான். வனத்துறை அனுமதியில்லாமல் அங்கே நுழைவது குற்றம்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பகுதிகளிலிருந்தும் வார இறுதி மலையேற்றத்துக்குக் கிளம்பிப் போனவர்கள் அவர்கள். மார்ச் மாதத்தில் மலைப்புல் காய்ந்து கிடக்கும். ஒரு பொறி போதும். எந்த மாதத்தில் எந்தப் பாதையில் போகலாம் என்பதை நம் லீவு நாள் முடிவு செய்ய முடியாது என்பதை அந்த விபத்து தமிழ்நாட்டுக்கே சொல்லிக்கொடுத்தது. அதன் பிறகு அதே ஆண்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிமுறைகளைத் தமிழக அரசு கொண்டுவந்தது.

இப்போது காட்டு மலை ஏற விரும்புகிறவர்களுக்கு முறையான வழி இருக்கிறது. 2024 அக்டோபரில் வனத்துறை தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகள் அறிவிக்கப்பட்டன. எளிது, மிதம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். ஆன்லைனில் முன்பதிவு செய்தால், பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்கள் வழிகாட்டியாகக் கூட வருவார்கள். பழங்குடிக் குடும்பங்களுக்கு இதனால் வருமானமும் கிடைக்கிறது. காட்டுத்தீ அபாயம் உள்ள காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள். மூடியிருந்தால் மாற்றுவழி தேடாமல் வீட்டிலேயே இருந்துவிடுவதுதான் சரி.

நம்ம ஊரை ஆண்ட மலை

மலையேற்றம் என்றாலே உடம்பு வலிதான் மிச்சம் என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. கதை இருந்தால் கால் தானாக நடக்கும். கடலூர், சிதம்பரம் பிள்ளைகளுக்குச் செஞ்சியில் சொல்வதற்குச் சொந்தக் கதையே இருக்கிறது.

சிதம்பரம் கோயிலுக்குள் இருக்கும் கோவிந்தராஜர் சந்நிதியைப் புதுப்பித்தவர் செஞ்சியை ஆண்ட கிருஷ்ணப்ப நாயக்கர். 1597-ல் இந்தப் பக்கம் வந்த பிமென்டா என்ற யேசு சபைப் பாதிரியார் அந்தப் பணியையும், அதற்கு எழுந்த எதிர்ப்பையும் எழுதிவைத்திருக்கிறார்.

1677-ல் சிவாஜி செஞ்சியைக் கைப்பற்றினார். அவர் மகன் ராஜாராம், மொகலாயர்களுக்குத் தப்பி வந்து இங்கிருந்துதான் ஆட்சி நடத்தினார். 1690-ல் தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது செஞ்சியிலிருந்த அந்த மராத்தியரிடம்தான். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த தூரம் வரை உள்ள ஊர்களெல்லாம் கம்பெனிக்கு என்பது ஒப்பந்தம். கடலூரை ஒட்டிய 'குண்டு உப்பலவாடி' என்ற ஊர்ப்பெயர் இன்றும் அதைச் சொல்கிறது. தினமும் அந்த வழியாக ஸ்கூல் போகும் பிள்ளைக்கு, தன் ஊருக்குப் பெயர் வந்த கதை இந்த மலையில் தொடங்குகிறது என்று தெரிந்தால் சும்மா இருக்குமா?

1714-ல் ஆற்காடு நவாப் படையோடு மோதி உயிர்விட்ட ராஜா தேசிங்கின் கதையைத் தாத்தா, பாட்டிகளே சொல்லிவிடுவார்கள். புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல் தூண்களைப் பலரும் பார்த்திருப்பார்கள். அவை செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் கொண்டுபோகப்பட்டவை. அந்தத் தூண்களைப் பறிகொடுத்த வெங்கட்ரமணர் கோயிலைக் கீழே இறங்கியதும் பார்க்கலாம்.

ஒவ்வொரு நிழலிலும் ஒரு கதை என்று வைத்துக்கொண்டால், பிள்ளைகளுக்கு ஓய்வு கிடைக்கும். பெரியவர்களுக்கு மூச்சு வாங்கவும் சாக்கு கிடைக்கும்.

பையில் என்ன இருக்க வேண்டும்?

ஏறுகிறவர்கள் ஒவ்வொருவரும் இரண்டு லிட்டர் தண்ணீர் சுமக்க வேண்டும். மேலே கடை கிடையாது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு, தொப்பி, மாற்று பனியன், கட்டுப்போடத் துணி போதும். செருப்பு வேண்டாம், அடிப்பாகம் தேயாத ஷூ வேண்டும். தயிர்சாதத்தை வண்டியிலேயே விட்டுவிட்டு, கடலை மிட்டாய், பேரீச்சை மாதிரி சின்னச் சின்னதாக எடுத்துக்கொள்வது நல்லது. சாப்பாட்டுப் பையைக் கையில் தொங்கவிட்டால் குரங்குகள் விடாது. எல்லாவற்றையும் முதுகுப்பைக்குள் போட்டு ஜிப் போட்டுவிட வேண்டும். கொண்டுபோன குப்பை கீழே திரும்பி வர வேண்டும்.

தலைசுற்றல், வாந்தி, குழறிய பேச்சு, தோல் காய்ந்து சுடுவது போன்றவை வெப்பத் தாக்கத்தின் அறிகுறிகள். அதற்குமேல் ஒரு படிகூட ஏறக் கூடாது. நிழலில் படுக்கவைத்து, உடம்பை ஈரத்துணியால் துடைத்து, உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

மாதங்களில் டிசம்பர் பிற்பகுதி முதல் பிப்ரவரி வரை ஏற்றது. ஏப்ரல், மே பிள்ளைகளுக்கு லீவுதான். ஆனால், மலைக்கு உகந்த மாதங்கள் இல்லை. வடகிழக்குப் பருவமழையில் பாறை வழுக்கும். ஃபெஞ்சல் புயல் மழையின்போது, 2024 டிசம்பரில் திருவண்ணாமலை மலைச்சரிவில் மண் சரிந்து ஏழு பேர் வீட்டோடு புதைந்து இறந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. கடலூர்க்காரர்களுக்குப் புயல் எச்சரிக்கையை மதிக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கடலுக்குக் காட்டும் அதே மரியாதையை மலைக்கும் காட்டினால் போதும்.

கடைசியாக ஒரு ஆசை

மதியச் சாப்பாடு முடிந்ததும் வேனில் ஒரு குரல் நிச்சயம் எழும்: "திருவண்ணாமலை நாற்பது கிலோமீட்டர்தானே, அப்படியே ஒரு எட்டு போய் அண்ணாமலையாரையும் பார்த்துட்டு வந்துடலாமே?"

இதற்குப் பதில் சொல்லும் முன், அதிகாலை மூன்றரை, நான்கு மணிக்கே எழுந்து வண்டி எடுத்த டிரைவரின் கண்ணைப் பார்க்க வேண்டும். எல்லோரும் மலை ஏறிய நேரத்தில் அவர் தூங்கினாரா என்று கேட்க வேண்டும். பின் சீட்டில் எல்லோரும் உறங்க, இருட்டில் ஒருவர் மட்டும் விழித்திருந்து ஓட்டும் அந்தக் கடைசி மூன்று மணி நேரமும் பயணக் கணக்கில் சேர்ந்ததுதான்.

மாலை 4 மணிக்குச் செஞ்சியை விட்டால், கடலூர்க்காரர்கள் 7 மணிக்குள் வீட்டில். சிதம்பரத்துக்காரர்களுக்கு 8 மணி. திருவண்ணாமலைக்கு இன்னொரு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது.

கிளம்புவதற்கு முந்தின இரவு, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் நான்கு விவரங்களை எழுதிப் போட்டுவிடுங்கள்: யார் ஏறுகிறார்கள், யார் கீழே இருக்கிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புகிறோம், "போதும், திரும்பலாம்" என்று சொல்லும் உரிமை யாருக்கு. நான்காவதில் யார் பெயர் இருக்கிறதோ, மலையில் அவர் பேச்சுதான் கடைசிப் பேச்சு. அவர் வீட்டின் சின்ன மருமகளாக இருந்தாலும் சரி!